மூன்று மார்க் குறைவாக

அக்கா ஒரு டம்ளர் டீயைக் கடைசிவரை குடித்து நான் பார்த்ததில்லை. அடியில் ஒரு மடக்கு எப்போதும் நிற்கும். ஹாஸ்டல் மேடம் அதைத் தொட்டியில் கொட்டும்போதெல்லாம் தெலுங்கில் ஏதோ முனகுவார். சினிமாவுக்குப் போனால் வில்லன் அடிவாங்கத் தொடங்கும் நேரம் பார்த்து எழுந்துவிடுவாள். ஜடை பின்னினால் முனையில் நாலு விரல் அளவுக்குப் பின்னாமல் விட்டு ரப்பர் பேண்டைப் போடுவாள். நான் வாய்ச்சொல்லில் யாரையும் விட்டுவைக்காதவள். "முழுசா முடிச்சா உனக்கு யாராவது கேஸ் போடுவாங்களா அக்கா?" என்பேன். "முடிச்சிட்டா அப்புறம் இன்னா பண்றது?" என்பாள், சிரிக்காமல்.

திருப்பதியில் பைராகிப்பட்டெடா பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். மூன்று கட்டில் போட்ட அறை. ஒன்றில் நான், பிச்சாட்டூர்க்காரி. ஒன்றில், மூன்று மாநில எல்லையில் இருக்கிற குப்பம் ஊர்ப் பெண் ஒருத்தி. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் நடத்திக் கன்னடத்தில் முடிப்பாள், மனசு மட்டும் வெல்லம். ஜன்னலோரக் கட்டில் அக்காவுடையது. அவள் நகரிப் பக்கம், கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பகலில் காந்தி ரோடு பக்கத்தில் ஓர் எலக்ட்ரிகல் கடையில் பில் போடுவாள். எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் எல்லாப் பேப்பரையும் எப்போதோ முடித்துவிட்டாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் எனக்கும் நின்றுபோயிருந்தது. நெட்வொர்க்ஸ். நாங்கள் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

பேட்டரிகளையும் ரெசிஸ்டர்களையும் இரண்டு மூன்று வளையமாகப் பின்னிப் படம் போட்டுக் கொடுத்து, நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒன்றின்மேல் எத்தனை வோல்ட் என்று கேட்பார்கள். அவ்வளவுதான் அந்தப் பேப்பர். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் அழுகிற நிலைக்கு வந்ததும், அக்கா தன் எவர்சில்வர் தட்டை ஒதுக்கி, விரலைச் சாம்பாரில் தொட்டு மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டாள்.

"இது ஒரு லூப், இது இன்னொரு லூப். கரண்டு இப்பிடித்தான் ஓடுதுன்னு மொதல்ல நீயே ஒரு பக்கம் வெச்சிக்கோ. தப்பா வெச்சாலும் ஒண்ணும் ஆவாது, விடை மைனஸ்ல வரும். ஆனா பாதியில திசைய மாத்தாத. எல்லாரும் அங்கதான் மாட்டிக்கிறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு லூப்ப முழுசா சுத்தி வா. ஏறின வோல்டு, எறங்கின வோல்டு எல்லாத்தையும் கூட்டினா ஜீரோ. கெளம்பின எடத்துலயே வந்து நிப்ப. இந்த நடுவுல கீற ரெசிஸ்டருதான் பாவம். ரெண்டு லூப்பு கரண்டும் இது மேலதான் ஓடுது. ஒண்ணு மேலேர்ந்து, ஒண்ணு கீழேர்ந்து. கழிச்சி மிச்சம் எவ்ளோன்னு பாக்கணும்."

இடப்பக்கம் இருபது வோல்ட் பேட்டரி, வலப்பக்கம் எட்டு. இடப்பக்க ரெசிஸ்டர் இரண்டு ஓம், மற்ற இரண்டும் நாலு ஓம். இரண்டு சமன்பாட்டை வாயாலேயே எழுதினாள். ஒரு லூப்பில் நாலு ஆம்பியர், அடுத்ததில் ஒன்று, நடுவில் மிச்சம் மூன்று. அதோடு விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வோல்ட் எவ்ளோ அக்கா?"

"நாலு ஓமு, மூணு ஆம்பியரு. கடைசி வரிய நீ போட்டுக்கோ."

பன்னிரண்டு என்று நானே பெருக்கிக்கொண்டேன். அவளோடு நான் போட்ட எல்லாக் கணக்கும் அப்படித்தான். கடைசி வரி என்னுடையது. இத்தனை தெரிந்தவள் எப்படித் தேறாமல் இருக்கிறாள் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பரீட்சை என்றால் பயந்துவிடுகிறாள் போல என்று நினைத்துப் பாவப்பட்டேன்.

அவளுக்கு ஒரு மாமா. அம்மாவின் தம்பி. ஏகாம்பரகுப்பத்தில் பவர்லூம் ஷெட் வைத்திருந்தார். அக்கா வயசுக்கு வந்த நாளிலேயே அவருக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் சாதாரணம். அக்காள் மகளைக் கட்டாத தாய்மாமனைத்தான் ஊர் விசாரிக்கும். அக்காவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. கெட்டவர் என்பதற்காக அல்ல. தூக்கி வளர்த்த மாமாவைப் புருஷனாக நினைக்க அவளுக்கு வரவில்லை. அதை அம்மாவிடமோ, நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவிடமோ சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவர் அவர். படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்பது ஏற்பாடு. ஒரு பேப்பர் பாக்கி இருக்கிறவரை படிப்பு முடிந்ததாகக் கணக்கில்லை.

அந்த மாமாவை எங்களுக்கெல்லாம் பிடிக்கும் என்பதுதான் வேடிக்கை. சப்ளிமெண்டரி ரிசல்ட் வருகிற நாளில் காலையிலேயே ஹாஸ்டல் கேட்டில் நிற்பார். வெள்ளைச் சட்டை, கையில் நகரியில் வாங்கின பூந்தி டப்பா. ரிசல்ட் வந்ததும் அக்கா படி இறங்கிப் போய்த் தலையை ஆட்டுவாள். அவர் முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை. "எத்தினில போச்சு?" என்பார். "மூணு." "மூணுதானே. அடுத்த தடவ வந்துடும்." டப்பாவை எங்களிடம் நீட்டி, "துன்னுங்கம்மா" என்பார். ஃபெயில் ஆனதற்கு ஸ்வீட் சாப்பிட்டது நாங்களாகத்தான் இருக்கும். நானும் வெட்கமில்லாமல் இரண்டு கை அள்ளியிருக்கிறேன். இப்படி ஒரு நல்ல மனுஷன் யாருக்குக் கிடைப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அக்கா அந்தப் பூந்தியில் கை வைக்க மாட்டாள்.

ஒரு முறை நாங்கள் மூவரும் அலிபிரியிலிருந்து மலை ஏறினோம். குப்பத்துப் பெண்ணுக்கு ஏதோ வேண்டுதல். எனக்குப் பேப்பர் தேற வேண்டும். அக்கா எங்கள் இருவரையும்விட வேகமாக ஏறினாள். முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. மேலே போய்ச் சேர இன்னும் கொஞ்சம் படிதான் என்கிற இடத்தில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கியே கும்பிட்டுக்கறேன்."

"ஏன் அக்கா, காலு வலிக்குதா?"

"காலுக்கு இன்னா. மேல வந்தா பாஸ் பண்ண வையின்னு கேக்கணும். எங்கம்மா அப்பிடித்தான் வேண்டிக்கினு அனுப்பிச்சிருக்கு. வேற எதுனா கேட்டா எங்கம்மாவுக்குத் துரோகம்."

"கேளேன். குடுப்பாரு."

"குடுத்துடுவாரு. அதான் பயம்."

வழக்கமான கிறுக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நாங்கள் மேலே போனோம். பெருமாளிடம் எனக்குக் கேட்டதோடு அவளுக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்தேன். லட்டை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தபோது, போகிற ஜனங்களைப் பார்த்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை வேண்டுதல் அவளைத் தாண்டி மேலே போயிருக்கும்.

அந்த வருஷம் சப்ளி எழுத இருவருக்கும் புத்தூர் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் சென்டர் விழுந்தது. எனக்கு அடுத்த வரிசையில், இரண்டு பெஞ்சு முன்னால் அவள். எழுதத் தொடங்கியவள் தலை நிமிரவில்லை. படம், சமன்பாடு, படம், சமன்பாடு என்று பேனா ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நிறுத்தினாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, விடைத்தாளை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, எதையோ மனசுக்குள் கூட்டினாள். ஒரு பக்கத்துக்குப் போய் எழுதியிருந்ததில் இரண்டு வரியை அடித்தாள். திரும்பக் கூட்டினாள். கைகட்டி உட்கார்ந்துகொண்டாள். பரீட்சை முடிய நிறைய நேரம் இருந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, "ஏமம்மா, அயிப்போயிந்தா?" என்று கேட்டார். முடிந்தது என்று தலையாட்டினாள்.

எழுதினதை அடிக்கிறவளைப் பார்த்திருக்கிறேன், திருத்தி எழுதுவதற்காக. இவள் அடித்துவிட்டு எழுதவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, பில் போடுகிற குரலில் சொன்னாள்.

"மொத தடவ நிஜமாவே பூடுச்சி. ஒரு எடத்துல பிளஸ்ஸுக்கு மைனஸ் போட்டுட்டேன். நைனா முகூர்த்தம் குறிச்சி வெச்சிருந்தாரு. ரிசல்ட் பாத்துட்டு, பாவம் மூணு மார்க்குதானே, பாஸ் பண்ணிட்டே கல்யாணம் வெச்சிக்கலாம்னுட்டாரு. அன்னிக்கி நான் அழுதேன். எல்லாரும் ஃபெயில் ஆனதுக்கு அழறேன்னு நெனச்சாங்க."

"அப்போ அதுக்கப்புறம் எல்லாமே..."

"ஒரு தடவ பயத்துல ரொம்ப விட்டுட்டேன். மார்க்கு அடியில பூடுச்சி. ஒடனே நைனா இன்னா சொன்னாரு தெரியுமா? 'இவளுக்குப் படிப்பு இனிமே ஏறாது, தேதி பாக்கலாம்'னு. மாமாதான் வேணாம், இன்னொரு தடவ எழுதட்டும்னாரு. அன்னிலேர்ந்து சரியா மூணு, நாலு மார்க்கு கம்மி. அதுக்கு மேல போனா நம்பிக்க பூடும். அதுக்குக் கீழ வந்தா பாஸ் ஆயிடுவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். பாஸ் ஆனால் வேலை கிடைக்குமே, ஸ்ரீசிட்டியில் எத்தனை கம்பெனி ஆள் தேடுகிறது, சொந்தக் காலில் நின்றால் யார் கட்டாயப்படுத்த முடியும் என்று படபடவென்று பேசினேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"பாஸ் ஆனாத்தான் வேல. பாஸ் ஆனாத்தான் கல்யாணம். ரெண்டும் அந்த ஒரு பேப்பரு மேலதானே ஓடுது? நான் கழிச்சிப் பாத்துட்டேன். ஃபெயிலுதான் மிச்சம்."

"எத்தினி நாளைக்கு இப்பிடி?"

"அவரு வேற யாரையாவது கட்டிக்கினு போற வரைக்கும். ஷெட்டு கீது, வீடு கீது, எத்தினி பேரு பொண்ணு தர்றேன்னு வர்றாங்க. வயசு ஆயிக்கினேதானே போவுது. ஒரு நாளு அலுத்துடும்."

இதுதான் அவளுடைய திட்டம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அவரை அலுக்க வைத்துவிடுவது. அந்தப் பக்கம் அவர் பூந்தி டப்பாவோடு நிற்கிறார். இந்தப் பக்கம் இவள் மூன்று மார்க்கை அளந்து வெட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பூந்தி எனக்கு இறங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே "அடுத்த தடவ" என்று சொல்வதைக் கேட்டால் உடம்பு கூசியது. ஒரு தடவையாவது இந்த மனுஷன், "உனக்கு இஷ்டம்தானா?" என்று கேட்டிருக்கலாமே.

எனக்குப் பேப்பர் தேறிவிட்டது. அக்கா போட்டுக்கொடுத்த கணக்குதான் வந்திருந்தது, எண் மட்டும் வேறு. ஸ்ரீசிட்டியில் வேலையும் கிடைத்தது. கம்பெனி பஸ் விடியற்காலையில் ஹாஸ்டல் முனைக்கு வரும். நான் கிளம்பும்போது அவளும் எழுந்து, என் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டி நேராக்கி விடுவாள். ஒரு நாள் அந்தக் கார்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை இல்லை. கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அடுத்த சப்ளியும் எழுதினாள். வழக்கம்போல மூன்று குறைய.

அவள் கணக்கு தப்பவில்லை. யுனிவர்சிட்டிதான் குறுக்கே வந்தது. பழைய சிலபஸை அத்தோடு மூடப் போகிறார்கள், ஒன்றிரண்டு பேப்பரில் தொங்கிக்கொண்டிருக்கிற பழைய பிள்ளைகள் பாவம் என்று, எல்லோருக்கும் ஐந்து மார்க் கிரேஸ் போட்டுவிட்டார்கள். இருபது மார்க் குறைய எழுதியவர்கள் பாஸ் ஆகாமல் தப்பித்தார்கள். மூன்று மார்க் குறைய எழுதியவள் பாஸ்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மூவரும் அறையில் இருந்தோம். ரிசல்ட்டை முதலில் பார்த்தது குப்பத்துப் பெண். அவளுக்கு உள்விஷயம் எதுவும் தெரியாது. கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் சந்தோஷத்தில் தன்னிடமிருந்த நம்பருக்கு அடித்து, "நைனா, அக்கா பாஸ் அயிந்தி" என்று அக்காவின் அப்பாவுக்கே சொல்லிவிட்டாள். அவள்மேல் எப்படிக் கோபப்படுவது?

"இப்பவாவது வேணாம்னு சொல்லிடு அக்கா," என்றேன், அந்தப் பெண் மேடத்திடம் சொல்ல ஓடினதும்.

"எப்பிடி? மொத வருஷமே சொல்லியிருந்தா அவரு அப்பவே வேற எடம் பாத்திருப்பாரு. இத்தினி வருஷம் காக்க வெச்சிட்டு இப்ப வேணாம்னா, எதுக்குக் காக்க வெச்சன்னு கேப்பாங்க. முப்பத்தஞ்சு வயசுல யாரு அவருக்குப் பொண்ணு குடுப்பா? நான்தான் அவர இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கேன்."

தப்பிக்கிற வழி என்று அவள் தோண்டினது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மத்தியானம் கார் வந்தது. நைனா முன்சீட்டிலிருந்து இறங்கி, கேட்டில் நின்ற எல்லோருக்கும் கும்பிடு போட்டார். மாமா இந்தத் தடவை இரண்டு டப்பா வாங்கி வந்திருந்தார். "நான் சொல்லல? வந்துடும்னு சொன்னேனே," என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். அக்கா பையோடு இறங்கி வந்தாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஏறாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நான் வேணும்னேதான் ஃபெயில் ஆனேன்."

நைனா முதலில் சிரித்தார். குப்பத்துப் பெண் சிரித்தாள். மேடமும் சிரித்தார். யாராவது வேண்டுமென்றே ஃபெயில் ஆவார்களா? அக்கா என்னைப் பார்த்தாள்.

"நிஜந்தான் மாமா," என்றேன். "எனக்குத் தெரியும்."

அதற்கும் சிரித்தார்கள். மாமாவின் சிரிப்பு மட்டும் நின்றது. டப்பாவை மூடினார்.

"எல்லா தடவையுமா?"

"மொத தடவ இல்ல. மத்த எல்லாமே."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அடித்தாலும் அடிப்பார் என்று ஓர் அடி முன்னால்கூட வந்தேன். கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டாரா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள் என்பது அவள் தோள்பட்டையிலேயே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. எப்போதும்போல அதே தணிந்த குரலில் சொன்னார்.

"தெரியும். நானும் வேணும்னேதான் காத்துக்கினு இருந்தேன். ஏறு."

அவள் ஏறிவிட்டாள். கோபத்துக்கு அவளிடம் பதில் இருந்தது. அழுகைக்கும் இருந்திருக்கும். இதற்கு இல்லை. அவர் கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

கல்யாணம் நாராயணவனத்தில். பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பி.டெக். என்று போட்டிருந்தார்கள். போகக் கூடாது என்று இருந்தேன், போகாமல் இருக்க முடியவில்லை. மணவறையில் அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் மாப்பிள்ளையின் பொறுமையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆம்பளையா, ஒரு பொண்ணு படித்து முடிக்கட்டும் என்று இத்தனை வருஷம் யார் காத்திருப்பார்கள், கொடுத்து வைத்தவள் என்று சொல்லிச் சொல்லி இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கிக்கொண்டார்கள். நான் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.